சி மொழி: பெயருக்குள்ளே சாய்கோடு எங்கே இருக்குன்னு தேடுறது எப்படி?

லயத்துப்பையன் (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். தோட்டத்துக் கோவில் திருவிழாவுக்கு உபயக்காரர் ரசீது அடிக்க சி-யில ஒரு புரோகிராம் எழுதுறேன். போலிடெக்னிக்ல இப்ப சி நடக்குது, அதான். பட்டியல்ல பெயரெல்லாம் ஐசியில (அடையாள அட்டையில) உள்ளபடி ஆங்கிலத்துல: முனியாண்டி ஏ/எல் (மகன்) கருப்பையா, அஞ்சலை ஏ/பி (மகள்) வீராசாமி. ரசீதுல சொந்தப் பெயர் மட்டும் போதும்னு தலைவர் சொல்லிட்டாரு. ஒரு எழுத்தைத் தேடுற ஸ்டர்சார் (strchr) வச்சு சாய்கோட்டைத் தேடி, இத்தனை எழுத்துன்னு நகல் எடுக்குற ஸ்டர்என்காப்பியில (strncpy) வெட்டுறேன். நல்லாத்தான் ஓடுது, ஆனா சாமான் கடை தவுக்கே (சீன முதலாளி) பெயர் வந்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட்னு புரோகிராம் பாதியில நின்னுடுது. அரிசி மூட்டை தர்ற மனுசன், விடவும் முடியாது. ஏன் இப்படி?

மண்டோர்மகன்:
தம்பி, தவுக்கே பெயர்ல ஏதுலா ஏ/எல்? ஸ்டர்சார் எழுத்து இருக்கிற முகவரியைத் தரும், தேடுற எழுத்து இல்லைன்னா நல் பாயின்டரைத்தான் (எதையும் காட்டாத வெற்று முகவரி) தரும். அதுலேர்ந்து பெயரோட தொடக்கத்தைக் கழிச்சா கணக்கு தறிகெட்டுப் போகும். முதல்ல இஃப் போட்டுப் பாரு. நல் வந்தா முழுப் பெயரையும் அடிச்சிடு.

நல் இல்லைன்னாத்தான் கழிக்கணும், அப்ப சாய்கோடு எத்தனையாவது இடம்னு வரும். எண்ணிக்கை சைபர்லேர்ந்து. முனியாண்டிக்கு ஆங்கிலத்துல எட்டு எழுத்து, 0 முதல் 7 வரை. 8-ல இடைவெளி, 9-ல ஏ, 10-ல சாய்கோடு. பத்துல ரெண்டு போனா 8, வெட்ட வேண்டிய நீளம் அதான். பழைய எஸ்/ஓ (மகன்), டி/ஓ (மகள்) பெயருக்கும் இதே கணக்கு.

கம்பைலர்அக்கா:
இன்னொண்ணு தம்பி. இப்படி நடுவுல வெட்டும்போது ஸ்டர்என்காப்பி கடைசியில, பெயர் முடிஞ்சுதுன்னு காட்டுற சைபரை ('\0') வைக்காது. நீயே வைக்கணும், இல்லாட்டி அஞ்சலைக்குப் பின்னால முந்தின ஆள் பெயரோட வாலும் சேர்ந்து ரசீதுல வரும். சாய்கோட்டை ஒற்றை மேற்கோள்ல போடு. இரட்டையில போட்டா அது எழுத்தில்லை, ஸ்டிரிங் (எழுத்துச் சரம்).

லயத்துப்பையன்:
ஓடிருச்சு அண்ணே, நன்றிக்கா! தவுக்கேக்கும் ரசீது வந்துருச்சு. இப்ப தலைவர் பெயரைத் தமிழ்லயே அடிக்கச் சொல்றாரு. 'ம'வைத் தேடினா கம்பைலர் எச்சரிக்கை விடுது, எதுவும் கிடைக்கவும் மாட்டேங்குது.

மண்டோர்மகன்:
கிடைக்காது. ஸ்டர்சார் ஒரு பைட்டைத்தான் தேடும். தமிழ் எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 'ம' மூணு பைட்டு, உகரக் குறி போட்ட 'மு' ஆறு. அதுக்கு ஸ்டிரிங்கையே தேடுற ஸ்டர்ஸ்டர் (strstr) எடு, அங்கே இரட்டை மேற்கோள். வர்ற இடமும் பைட் கணக்குத்தான், எழுத்துக் கணக்குன்னு நினைச்சு வெட்டினா குறி அறுந்த முனியாண்டிதான் ரசீதுல நிப்பாரு.