உதவி: பட்டம் வாங்கிய பிரிட்டிஷ் அரசியல்வாதியை எந்தப் பெயரில் பதிவது?

பிழைதிருத்தி
இந்தியாவுல வைஸ்ராயா இருந்த இர்வின், அப்புறம் ஹாலிஃபாக்ஸ், எட்வர்ட் வுட், மூணும் ஒரே ஆள்னு இப்பதான் கவனிச்சேன். மூணு இடத்துல தனித்தனியா கிடக்கு. மெக்காலே, கிளைவ், கன்னிமராவிலயும் இதே குழப்பம். பிரபுப் பட்டம் கிடைச்ச பிறகு எந்தப் பெயர்ல போடணும்? ஒரே விதியா இருந்தா நல்லது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும், அவசரம்.

ஏட்டுச்சுவடி
எதுல போடணும்? சொல்லடைவா (நூல் கடைசியில வர்ற பெயர், பக்க எண் பட்டியல்), களஞ்சியத் தலைப்பா, கட்டுரைக்குள்ள வர்ற பெயரா? மூணுக்கும் பதில் வேற வேற.

குறுக்குத்தெரு
எந்தக் காலம்னும் சொல்லுங்க. 1958 சட்டப்படி வர்ற ஆயுட்காலப் பட்டம்னா பிள்ளைக்குப் போகாது, அதனால வரிசை எண்ணும் கிடையாது. 1992ல் தாட்சருக்குக் கிடைச்சது அந்த வகை. அவரை ‘முதலாம் தாட்சர் சீமாட்டி’ன்னு எழுதினா தப்பு. பழைய பரம்பரைப் பட்டம்னா எண் அவசியம்.

நூலடுக்கு
நூலகப் பட்டியல் முறைதான் சரி. எந்தப் பெயரால் பரவலாகத் தெரியுமோ அதுவே தலைச்சொல், மற்றப் பெயர்களில் ‘காண்க: இன்னார்’ என்ற குறிப்பு மட்டும். கன்னிமரா நூலகம் 1896ல் திறந்ததிலிருந்து சென்னைக்காரர் எல்லோருக்கும் கன்னிமராவைத் தெரியும். அவருடைய இயற்பெயரான ராபர்ட் பர்க் என்று யார் தேடப்போகிறார்கள்?

மூலப்பிரதி
இந்தக் கேள்வி வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஆக்ஸ்ஃபோர்டு தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி குடும்பப் பெயரில்தான் அடுக்குகிறது. வுட், பர்க், அவ்வளவுதான். பட்டம் மாறும், குடும்பப் பெயர் நிற்கும். ‘பரவலாகத் தெரிந்த பெயர்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். அது விதியே இல்லை.

யாழ்_வாசகன்
மூலப்பிரதி ஐயா, உங்கட முறைப்படி இலங்கை அரசியலமைப்புக்காக வந்த சோல்பரி ஆணைக்குழுவின்ர தலைவரை ‘ராம்ஸ்போத்தம்’ எண்டு தேட வேணும். இலங்கையில ஒருத்தரும் தேட மாட்டினம். ஆள் 1941 வரை லங்காஸ்டர் தொகுதி எம்பி, அந்த வருசமே பாரன் (பிரபுப் பட்டத்தில கடைசிப் படி), 1954ல அதுக்கு மேல் படியான வைகவுன்ட். ஆணைக்குழு 1944ல வரேக்க அவர் ஏற்கெனவே சோல்பரி பிரபு. எங்கட வரலாற்றில அவருக்கு வேற பேரே இல்லை.

ஏட்டுச்சுவடி
ஆங்கில அகராதி யாருக்காக அடுக்கியிருக்குன்னு பார்க்கணும். அங்க ஒருத்தரோட அப்பா, பிள்ளை, அண்ணன் எல்லாரும் பக்கத்துல பக்கத்துல வரணும், அதுக்குக் குடும்பப் பெயர் வசதி. கன்னிமராவோட அண்ணன்தான் 1872ல் அந்தமானில் கொலையான மேயோ பிரபு. குடும்பப் பெயர்ல போட்டா ரெண்டு பேரும் ‘பர்க்’ கீழ சேர்ந்து நிப்பாங்க. தமிழ் வாசகர் அப்படித் தேடுறதில்ல.

கேட்டவர் ‘அச்சு’ன்னு சொல்றதால சொல்லடைவுன்னே வெச்சுக்கிறேன். தலைச்சொல் ஒண்ணு, அதுக்கடுத்து அடைப்புக்குள்ள இயற்பெயரும் ஆண்டும், பிறகு பட்டங்கள் ஏறின வரிசை:

இர்வின் பிரபு (எட்வர்ட் ஃபிரெடெரிக் லிண்ட்லி வுட், 1881–1959): 1925 இர்வின் பாரன், 1934 மூன்றாம் ஹாலிஃபாக்ஸ் வைகவுன்ட், 1944 முதலாம் ஹாலிஃபாக்ஸ் ஏர்ல்.

மூன்றாம், முதலாம்னு எண் இறங்குறதைப் பார்த்து ரெண்டு ஆள்னு பிரிச்சுடாதீங்க. வைகவுன்ட் அப்பாகிட்டேருந்து வந்தது, அதுக்கு மேல் படியான ஏர்ல் இவருக்கே புதுசா உண்டாக்கினது. ‘ஹாலிஃபாக்ஸ்’, ‘வுட், எட்வர்ட்’ ரெண்டுலயும் ‘காண்க: இர்வின் பிரபு’ மட்டும் போடுங்க, பக்க எண் வேண்டாம். அங்கேயும் பக்க எண் போட்டா அடுத்த பதிப்புல ரெண்டு இடத்துல திருத்தணும், ஒண்ணு கண்டிப்பா விட்டுப்போகும்.

நூலுக்குள்ள வேற கணக்கு. சம்பவம் நடந்த நாளில் இருந்த பெயர். காந்தியோட போட்ட 1931 மார்ச் 5 ஒப்பந்தத்தில் இர்வின். 1938ல் வெளியுறவு அமைச்சராகும்போது ஹாலிஃபாக்ஸ்.

குறுக்குத்தெரு
இதுல தமிழ்ப் புத்தகங்கள் அதிகம் சறுக்குற இடம் மெக்காலே. ‘மெக்காலே பிரபுவின் 1835 கல்விக் குறிப்பு’ன்னு பள்ளிக் கட்டுரை வரைக்கும் இருக்கு. அவருக்குப் பட்டம் 1857ல். 1835ல் வெறும் தாமஸ் மெக்காலே. மன்றோவுக்கும் பிரபு போடுறாங்க. அவர் 1825ல் பாரனெட் (‘சர்’ மட்டும் போடுற பட்டம்), பாரன் இல்ல. சர் மன்றோவும் தப்பு, சர் தாமஸ் மன்றோன்னு முதல்பெயரோட எழுதணும்.

நூலடுக்கு
கிளைவையும் பாருங்கள். பிளாசி 1757, ராபர்ட் கிளைவுக்குப் பட்டம் 1762. அவர் 1774ல் இறந்துவிட்டார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799ல் சென்னை ஆளுநர் ‘கிளைவ் பிரபு’ என்று ஆவணத்தில் வருவது மகன் எட்வர்ட். 1804ல் அவர் பவிஸ் ஏர்ல் ஆனார். இரண்டு கிளைவும் ஒரே பதிவில் ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கம் பக்கமாகப் பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

தென்றல்77
வில்லிங்டன், வெலிங்டன் கலந்திருக்கான்னும் ஒரு தடவை தேடுங்க. நீலகிரி வெலிங்டன், கோமகன் பெயர். வில்லிங்டன் 1919–24 சென்னை ஆளுநர். பாரன் 1910, வைகவுன்ட் 1924, ஏர்ல் 1931, மார்க்விஸ் 1936. நாலு படி ஏறியும் பெயர் மாறலை, தமிழ்ல நாலுக்கும் ‘பிரபு’ போதும்.

மூலப்பிரதி
‘பிரபு’ போதும் என்பது சோம்பேறித்தனம். ஆங்கிலத்தில் லார்ட் ஜான் ரஸ்ஸல் என்றால் கோமகனின் இளைய மகன், மக்களவையில் உட்காரலாம். 1861க்குப் பிறகு ஏர்ல் ரஸ்ஸல், மேலவை. ‘ஜான் ரஸ்ஸல் பிரபு’ என்று எழுதினால் இந்த வேறுபாடு அழிந்துவிடுகிறது. 2023ல் கேமரனுக்குப் பட்டம் வந்ததும் ‘டேவிட் கேமரன் பிரபு’ என்று எழுதியவர்களும் இதே ரகம். கேமரன் பிரபு, அவ்வளவுதான்.

தென்றல்77
தமிழ்ல பட்டம் பின்னாடி வருது சார். முன்னாடி வர்ற மொழியோட மரியாதை இலக்கணத்தை இங்க எப்படி நட முடியும்? வேறுபாடு வேணும்னா ‘மரியாதைப் பட்டம்’னு ஒரு சொல் சேர்த்தா முடிஞ்சது.

சொல்லேர்
முதலில் ‘ஹாலிஃபாக்ஸ்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். ஆலிபாக்சு என்று எழுதினால் அ–ஔ வரிசையிலேயே கிடைக்கும்.

தென்றல்77
ஆரம்பிச்சாச்சா!

ஏட்டுச்சுவடி
எழுத்து எதுவானாலும் ஒரே மாதிரி இருக்கணும், அதுதான் விஷயம். ‘ஹாலிஃபாக்ஸ்’, ‘ஹாலிபாக்ஸ்’ ரெண்டும் கலந்திருந்தா கணினி ரெண்டு தலைச்சொல்லா அடுக்கும். அகரவரிசைக்கு முன்னாடி எக்செல்ல இயற்பெயர், பட்டம், ஆண்டு, பக்கம்னு நாலு பத்தி போட்டு இயற்பெயர் பத்தியால் அடுக்கிப் பாருங்க. இரட்டைப் பதிவெல்லாம் தானா பக்கத்துல வந்து நிக்கும்.

@பிழைதிருத்தி, 1945க்குப் பிறகு வர்றவங்க இருக்காங்களா? அட்லி (1955), ஈடன் (1961), மாக்மில்லன் (1984) எல்லாம் பிரதமர் பதவியை முடிச்சு, கடைசியிலதான் ஏர்ல் ஆனாங்க. இவங்களுக்கு இயற்பெயரே தலைச்சொல். ஈடனை அவர் பட்டப்பெயரான ‘ஏவன்’னு போட்டா யாருக்கும் தெரியாது.

சொல்லேர்
ஹ கிரந்தம். இதற்கு விடை சொல்லாமல் அடுத்த பேச்சு வேண்டாம்.

பிழைதிருத்தி
சொல்லடைவுதான், சொல்ல மறந்துட்டேன். இர்வின் கீழ கொண்டுவந்துட்டேன், மத்த ரெண்டும் ‘காண்க’. மெக்காலேவுக்கு 7 இடத்துல பிரபுவை எடுத்தேன். கிளைவ் நிஜமாவே ஒட்டியிருந்தது, பிரிச்சாச்சு. 1945க்குப் பிறகு அட்லி மட்டும்தான். நன்றி.

மூலப்பிரதி
பர்க்கை என்ன செய்தீர்கள்?

சொல்லேர்
ஆலிபாக்சா, ஹாலிஃபாக்ஸா?