சிவப்புத் தட்டான் எல்லாமே ஒரே இனமா? வயல்ல எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

காவிரிக்கரை டீச்சர்:
வணக்கம். திருவையாறு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். பள்ளிக்குப் பின்னாடி தாமரைக்குளம், அதைத் தாண்டினா சம்பா வயல். மழை விட்டு வெயில் வந்ததும் பிள்ளைங்களோட கரையில நின்னா கண்ணுல படறது முக்கால்வாசி சிவப்புத் தட்டான்தான். சிலது மிளகாய்ப்பழச் சிவப்பு, சிலது ரோஸ் கலந்த சிவப்பு. அதே உருவத்துல மஞ்சளும் திரியுது. படங்களோட ஒப்பிட்டா நாலஞ்சு இனம் பொருந்துற மாதிரி இருக்கு. பிடிக்கக் கூடாதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். கையில போன் கேமராதான். எதை வெச்சு முடிவு பண்றது?

ஏரிக்கரையான்:
டீச்சர், நிறத்தைக் கடைசியா வெச்சுக்கோங்க. சிவப்பு ஆண் தட்டான்கூட தண்ணிக்குள்ள வாழ்ந்த இளம்பூச்சித் தோலை உரிச்சு வெளிவந்த புதுசுல மஞ்சளாத்தான் இருக்கும், முதிர முதிரத்தான் சிவக்கும். பெண் பெரும்பாலும் மஞ்சளாவோ பழுப்பாவோ நின்னுடும். அதனால உங்க மஞ்சள் தட்டான் வேற இனமாத்தான் இருக்கணும்னு இல்லை.

முதல்ல முதுகைப் பாருங்க. வால் நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு ஓடினா, பெரும்பாலும் அது ஸ்கார்லெட் ஸ்கிம்மர். வயல்ல அதிகம் பார்க்கிறது இதைத்தான். பெண்ணுக்கும் அந்தக் கோடு உண்டுங்கிறதால மஞ்சள்லயும் கைகொடுக்கும். கோடு இல்லாம, வால் முடியிற இடத்துல மட்டும் மேலே கறுப்புத் திட்டு, பின்னிறக்கை அடியில செம்பழுப்புக் கறை இருந்தா கிரேட்டர் கிரிம்சன் கிளைடரான்னு பாருங்க.

நீங்க சொன்ன ரோஸ் சிவப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதோட இறக்கை நரம்பை உத்துப் பாருங்க. நரம்பே சிவந்திருந்தா கிரிம்சன் மார்ஷ் கிளைடர், அறிவியல் பேர் ட்ரிதெமிஸ் அரோரா. வால் மட்டும் ரோஸா இருந்து, மார்பு நீலம் பூசின மாதிரி மங்கலா இருந்தா கிரிம்சன் டெயில்ட் மார்ஷ் ஹாக். இந்த ரெண்டையும் தூரத்துல பார்த்துக் குழப்பிக்கிறவங்க நிறைய. நரம்பும் மார்பும் பார்த்தா குழப்பம் தீரும்.

உட்கார்ற விதமும் முக்கியம். குச்சி நுனியில உட்கார்ந்து, பறந்துபோய்த் திரும்ப அதே குச்சிக்கு வருதா? தரையிலேயே உட்காருதா? செடியில செங்குத்தாத் தொங்குதா? மழைக்கு முன்னும் பின்னும் கூட்டமாப் பறந்துட்டு, உட்காரும்போது தொங்குறது அநேகமா வாண்டரிங் கிளைடர், கடல் கடந்து வலசை போற இனம். சிமெண்ட் தொட்டியில, பாறையில சாம்பல் புள்ளியோட ஒட்டிக் கிடந்தா கிரானைட் கோஸ்ட். பக்கத்துல போறவரைக்கும் கண்ணுக்கே தெரியாது.

நன்னீர்ப்பூச்சி:
மேல இருக்கிறவர் சொன்னதோட ஒண்ணு. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம், வால் நுனி தெளிவா ஒரு படம் எடுங்க. பக்கவாட்டுப் படத்துல வாலோட இரண்டாவது கண்டத்துக்கு (வால் வளையம் வளையமாப் பிரிஞ்சிருக்குல்ல, அதுல மார்புப் பக்கமிருந்து ரெண்டாவது) அடியில புடைப்பு தெரிஞ்சா ஆண். சூரியனுக்கும் பூச்சிக்கும் நடுவுல நிக்காதீங்க, உங்க நிழல் விழுந்தாப் பறந்துடும். பறந்தாலும் துரத்த வேண்டாம், அதே குச்சிக்கு வரும்னு அசையாம நில்லுங்க.

காவிரிக்கரை டீச்சர்:
ரொம்ப நன்றி. கோடு இருக்கு! நேத்து எடுத்த மஞ்சள் படத்துலயும் இருக்கு. ஊசித்தட்டானுக்கும் இதே வழிதானா? அது இறக்கையை மடக்கிக்கிட்டுத்தான் உட்காருதே.

ஏரிக்கரையான்:
பெரும்பாலும் மடக்கிக்கும். பாதி விரிச்சு உட்கார்ற ஸ்பிரெட்விங் வகையும் உண்டு. அதனால இறக்கையை மட்டும் நம்பாம கண்ணைப் பாருங்க. ஊசித்தட்டானுக்குத் தலையோட ரெண்டு பக்கமும் கண் விலகி நிக்கும். முன்னிறக்கையும் பின்னிறக்கையும் ஒரே வடிவம். தட்டானுக்குப் பின்னிறக்கை அடியில அகலம். ஆனா கிளப்டெயில் தட்டான்களுக்கும் கண் விலகித்தான் இருக்கும், அப்போ இறக்கை வடிவம்தான் முடிவு சொல்லும்.

இனம் பிரிக்க வால் நுனிக் கண்டங்களைப் பாருங்க. மொத்தம் பத்துக் கண்டம், நுனியில இருக்கிறதைப் பத்தாவதுன்னு வெச்சு பின்னோக்கி எண்ணுங்க. எட்டாவது மட்டும் பளிச்சுன்னு நீலமா தெரிஞ்சா அறிவியல் பேர்ல இஸ்க்னூரா செனகலென்சிஸ்ங்கிற ஊசித்தட்டானோட ஆண். எட்டும் ஒன்பதும் நீலமா இருந்தா சூடாக்ரியான் மைக்ரோசெபாலமான்னு பார்க்கலாம். வால் முழுக்க மஞ்சளா இருந்தா கோரமண்டல் மார்ஷ் டார்ட், உங்க குளத்துப் புல்லுல கண்டிப்பா இருக்கும். நாளைக்குப் போறப்போ அதையே முதல்ல தேடுங்க, படம் போடுங்க.