ஹைட்ரோபீரியட்: நனைகாலமா, நீர்நிற்புக் காலமா?

வணக்கம்.

சதுப்புநில மீட்புக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் தேவைப்படும் சொல் ஹைட்ரோபீரியட். ஓர் இடம் ஆண்டில் எந்தெந்த மாதங்களில், எத்தனை தடவை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழத்துக்கு நீருக்கடியில் இருக்கிறது என்ற மொத்தக் கணக்குதான் அது. இதற்குத் தமிழில் சட்டென்று வாயில் வரும் சொற்கள் எல்லாவற்றிலும் ஏதோ ஓர் இடைஞ்சல் இருக்கிறது. 'நீர்த்தேக்கக் காலம்' என்றால் படிப்பவர் மனத்தில் அணைதான் எழும். 'நீரிருப்பு' செய்தித்தாளில் மேட்டூருக்குப் பட்டா ஆகிவிட்டது. 'வெள்ளக் காலம்' என்றால் நிவாரண முகாம்.

என் பரிந்துரை: நனைகாலம். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. கிளைச்சொற்களும் எளிதாக வரும். எத்தனை நாள் என்றால் நனைநாள். எத்தனை தடவை என்றால் நனைமுறை. 'முறை' பாசனத்தில் ஏற்கனவே புழங்கும் சொல்தான்.

*

> என் பரிந்துரை: நனைகாலம்.

ஐயா, எனக்கு இதில் தயக்கம் உண்டு. தூறலிலும் நனையலாம், ஈரத்துணி பட்டாலும் நனையலாம். சதுப்புநிலத்தில் நடப்பது அதுவா? ஊரில் 'அங்க ஆறு மாசம் தண்ணி நிக்கும்' என்றுதான் சொல்கிறார்கள். அதையே 'நீர்நிற்புக் காலம்' என்று எடுத்துக்கொள்ளலாமே. சங்கப் பாட்டில் 'நனை' என்பது மொட்டு, கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

*

மொட்டும் கள்ளும் மீட்புத் திட்ட அறிக்கைக்குள் நுழையாது. அந்தக் குழப்பம் வராது. 'நிற்பு' பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காட்டின் ஒரு பகுதி கெட்டது நீர் வராததால் அல்ல. பகுதி பகுதியாக மரத்தை மொத்தமாக வெட்டியெடுத்த பழைய முறையால் சேற்றுத்தரை வெயிலுக்குத் திறந்துகொண்டது. ஈரம் வற்றி மண் சுருங்க, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றவற்றம்) ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், இறங்கும்போது வெளியேற வழியில்லாமல் அங்கேயே நின்றது, ஆவியானது, உப்பு ஏறியது. கண்டல் என்னும் அலையாத்தி மரங்கள் போய், உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மிஞ்சியது. அதாவது நீர் நிற்பதுதான் அங்கே நோய். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டியது நீரை நிறுத்த அல்ல, வந்த நீரைத் திரும்ப அனுப்ப. இயற்கை ஓடையிலிருந்து சாய்வாக ஒரு முதன்மை வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளைகள். குறுக்குவெட்டு மேலே அகன்று கீழே குறுகிய சரிவகம். நாற்று வாய்க்கால் ஓரத்தில். இந்தத் திட்டத்தில் போய் 'நீர்நிற்புக் காலத்தை மீட்டெடுத்தல்' என்று எழுதினால் பொருள் தலைகீழாகும். வாய்க்கால் வெட்டிய மண்ணை இடைவெளி விடாமல் கரையில் குவித்தாலும் இதே கதிதான். அது வரப்பாகி நீரை மறுபடியும் நிறுத்திவிடும்.

கண்டல் காட்டுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை தடவை'. 1928இல் வாட்சன் மலாயாவில் வகுத்த ஐந்து வகுப்புகளும் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன: மாதத்துக்கு 56 முதல் 62 தடவை ஓதம் ஏறும் இடம் முதல் வகுப்பு, 45 முதல் 56 இரண்டாவது, 20 முதல் 45 மூன்றாவது, 2 முதல் 20 நான்காவது, 2க்கும் கீழே ஐந்தாவது. இதை 'மாத நனைமுறை 20–45' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். 'நிற்பு' இந்த இடத்தில் கைகொடுக்காது.

ஒரு எச்சரிக்கை. மலாயாவின் மேற்குக் கரையில் ஓதம் பல மீட்டர் ஏறும்; நம் சோழமண்டலக் கரையில் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். தடவைக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம், தரைமட்டத்தை அங்கிருந்து இறக்குமதி செய்யக்கூடாது. இங்கே 10 செ.மீ. பிழையே நாற்றை வேறு வகுப்பில் கொண்டுபோய் நட்டுவிடும்.

*

அளவெடுப்பவர் பக்கத்திலிருந்து சில வார்த்தை.

நனைகாலத்தைக் கணக்கிட இரண்டு எண்கள் வேண்டும்: தரைமட்டம், நீர்மட்டம். தரைக்கு ஆட்டோ லெவல் என்னும் மட்டம் பார்க்கும் கருவி. நீருக்கு, துளையிட்ட பிவிசி குழாயில் இறக்கிய பதிவுக்கருவி, 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு. அடிக்கடி நடக்கும் தவறு, இரண்டையும் ஒரே பெஞ்ச்மார்க்கோடு (உயரம் தெரிந்த நிலையான குறியோடு) இணைக்காமல் விடுவது. அப்புறம் வரைபடம் அழகாக வரும், விடை வராது.

இன்னொன்று காலம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதமும் இடைநாள்களின் சிறிய ஓதமும் ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 15 நாள். ஒரு சுற்றையாவது முழுதாகப் பிடிக்க வேண்டும். அதுவும் போதாது. நம் கரையில் கடலின் சராசரி மட்டமே ஆண்டுக்குள் ஏறி இறங்கும், நவம்பரை ஒட்டி உச்சம். கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடினால் உள்ளே ஓதமே குறைந்துவிடும். ஏப்ரல் அளவை மட்டும் வைத்து நட்டால் மழைக்காலத்தில் நாற்று மூழ்கும். ஆகவே 'நனைகாலம்' என்று எழுதும் இடத்திலெல்லாம் மாதத்தையும் சேர்த்தே எழுதச் சொல்கிறேன்.

*

சரி, ஓதம் ஏறும் இடத்துக்கு 'நிற்பு' பொருந்தாது என்பதை ஏற்கிறேன். சென்னையின் பள்ளிக்கரணை மாதிரி மழைநீர்ச் சதுப்புக்கு?

*

அங்கும் 'நனைகாலம்'தான் பொருந்தும் என்றே நினைக்கிறேன். உள்ளான் போன்ற கரைப்பறவை இரை தேட கால் நனையும் அளவு நீர் போதும். பிறகு வற்றி மேலெழும் சேறும் வேண்டும். ஆண்டு முழுக்கக் கழிவுநீர் வந்து சேரும் சதுப்பில் வற்றும் மாதங்களே இல்லாமல் போகின்றன. சம்பங்கோரையும் ஆகாயத்தாமரையும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 'நீர் நிற்கிறது, சதுப்பு நலம்' என்று சொல்ல முடியாது. நனைகாலம் நீண்டுவிட்டது, குறைக்க வேண்டும் என்று சொல்லலாம். சீராக ஆழப்படுத்தி ஏரியாக்கும் தூர்வாரலும் இதே கேட்டைச் செய்யும். நேர்மாறாக, நீர் வடியும் ஒக்கியம் மடுவின் வாயை அளவுக்கு மேல் வெட்டிவிட்டால் நனைகாலம் சுருங்கும்.

நீர் தரைக்கு மேலே வராமல் மண் மட்டும் வேர்வரை ஊறிக் கிடக்கும் நாள்களை இதில் சேர்க்க வேண்டாம். அதற்கு 'ஊறுகாலம்' என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம். உங்கள் ஈரத்துணிக்கு அது பதில்.

*

ஊறுகாலம் நன்றாக இருக்கிறது. நனைகாலத்துக்கும் என் தடை இல்லை. ஆனால் மடுவின் 'வாய்' என்றீர்களே, நீர் எந்த மட்டத்துக்கு மேலே வந்தால் தானாக வடியத் தொடங்குமோ அந்த மட்டத்துக்கு என்ன சொல்? 'கலிங்கு மட்டம்' என்றால் கட்டிய கலிங்கு நினைவுக்கு வரும். இயற்கையாக அமைந்த விளிம்புக்கு 'வடிமட்டம்' சரிப்படுமா?