ஆலமரத்து வீடு குழு: சீர் வண்டியும் இரண்டு சப்வூஃபரும்

பிரபு: முருகேசன் சித்தப்பா, அவசரம். காரில் சத்தத்தைப் பாதிக்கு மேல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் நின்றுவிடுகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. ஞாயிறு காதுகுத்து, தாய்மாமன் சீர் இந்த வண்டியில்தான் வருகிறது. நாகசுரம் ஒலிக்காமல் எப்படி ஊருக்குள் நுழைவது?

மாலா அக்கா: பாட்டு இருக்கட்டும். தாம்பாளம் 21 வந்துவிட்டதா?

முருகேசன் சித்தப்பா: ஆம்ப்ளிஃபயரின் அடியில் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல். ஸ்பீக்கரின் காந்தத்தில் எழுதியிருப்பதையும்.

பிரபு: ஆம்ப்ளிஃபயர் மோனோ, ஒரே சேனல்தான். 4 ஓம் தடையில் 300 வாட்ஸ், 2 ஓமில் 500 வாட்ஸ். 2 ஓமுக்குக் கீழே கூடாதாம். ஸ்பீக்கர் இரண்டும் 12 அங்குல சப்வூஃபர், தவில் மாதிரி கனத்த சத்தத்துக்கு. இரட்டைக் காயில், அதாவது உள்ளே இரண்டு கம்பிச்சுருள், ஒவ்வொரு காயிலும் 4 ஓம்.

முருகேசன் சித்தப்பா: வயர் எப்படிப் போகிறது?

பிரபு: பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக. முழுப் பவர் வரும் என்று கடையில் அப்படித்தான் மாட்டிக் கொடுத்தார்கள்.

முருகேசன் சித்தப்பா: அதுதான் கோளாறு. நான்கு காயிலையும் இப்படிப் பக்க இணைப்பில் கொடுத்தால் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1 ஓம். தடை குறையக் குறைய மின்னோட்டம் ஏறும். உன் ஆம்ப்ளிஃபயர் 2 ஓம் வரைதான் தாங்கும். அதற்குக் கீழே இழுத்தால் உள்ளே டிரான்சிஸ்டர் வெந்துவிடும். வேகாமல் இருக்கத்தான் தானாக நின்றுகொள்கிறது. அதைத் திட்டாதே, அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

அப்பா: பார்த்துச் செய் முருகேசா.

பிரபு: அப்படியானால் 2 ஓமாக மாற்றித் தாருங்கள் சித்தப்பா. 500 வாட்ஸ் முழுதாக வரட்டும்.

முருகேசன் சித்தப்பா: இந்த இரண்டு ஸ்பீக்கரையும் வைத்து 2 ஓம் வராது. எப்படிப் புரட்டினாலும் 1, 4, 16 இந்த மூன்றுதான் சமமாகக் கிடைக்கும். ஆகவே 4 ஓம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் முதல் காயிலின் மைனஸை இரண்டாம் காயிலின் பிளஸோடு சேர். தொடர் இணைப்பில் 4 + 4 = 8. பிறகு இரண்டு ஸ்பீக்கரையும் பக்க இணைப்பில் கொடு. 8-இல் பாதி 4.

பெரிய அத்தை: டிக்கியில் அந்தப் பெட்டிகள் இருந்தால் அண்டாவை எங்கே வைப்பது? சாம்பாருக்கு நம் வீட்டு அண்டாதான் என்று நான் சொல்லிவிட்டேன்.

மாலா அக்கா: அத்தை, சமையல்காரர் பாத்திரத்தோடுதான் வருகிறார்.

பெரிய அத்தை: உன் கல்யாணத்திலும் இப்படித்தான் சொன்னார்கள்.

பிரபு: ஒரே ஸ்பீக்கர் என்றால்? அதன் இரண்டு காயிலையும் பக்க இணைப்பில் போட்டால் 2 ஓம்தானே? 500 வாட்ஸும் வரும், ஒரு பெட்டியை இறக்கினால் அண்டாவுக்கும் இடம் வரும்.

பெரிய அத்தை: பிள்ளை சரியாகச் சொல்கிறான்.

முருகேசன் சித்தப்பா: கணக்கு சரிதான் அக்கா. ஆனால் பிரபு, அந்த ஸ்பீக்கர் தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கிறது?

பிரபு: 300.

முருகேசன் சித்தப்பா: அதன் தலையில் 500-ஐ ஏற்றினால் காயில் கருகும் வாடை டிக்கியிலிருந்து வரும். இன்னொன்றும் கேள். வாட்ஸ் வேறு, சத்தம் வேறு. 300-லிருந்து 500-க்குப் போனால் சத்தம் கூடுவது 2 டெசிபலுக்குச் சற்று மேல். அதே பவரை ஒன்றுக்குப் பதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரித்தால் ஏறத்தாழ 3 டெசிபல் கூடும், தள்ளும் காற்று இரட்டிப்பாவதால். ஆக, ஆளுக்கு 150 வாட்ஸ் வாங்கும் இரண்டும் சேர்ந்து, 500 வாங்கும் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரும் அவ்வளவு சூடாகாது. எண்ணைத் துரத்தாதே. பொருள் எதைத் தாங்குமோ அதைக் கொடு, பத்து வருடம் உழைக்கும்.

வாத்தியார் மாமா: ஊர்வலம் காலை 5 மணிக்கு என்று பத்திரிகையில் இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி.

அப்பா: கோயில் விசேஷத்துக்கு யார் மாமா வந்து கேட்கப்போகிறார்கள்?

வாத்தியார் மாமா: கேட்க மாட்டார்கள் என்பதற்காகச் செய்யலாமா? தெருவில் கைக்குழந்தைகள் இருக்கின்றன.

அப்பா: தங்கச்சி கல்யாணத்தில் நான்கு குழாய் ஒலிபெருக்கியையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டச் சொன்னபோது இந்த விதி எங்கே போயிற்று?

வாத்தியார் மாமா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

பெரிய அத்தை: எரிந்துபோன ஆம்ப்ளிஃபயருக்கு எங்கள் வீட்டிலிருந்து பணம் கொடுத்தாகிவிட்டது.

முருகேசன் சித்தப்பா: அதை விடுங்கள் அக்கா. சேகர் மாப்பிள்ளை, தடை அளக்கும் என் மல்டிமீட்டர் உங்களிடம்தானே இருக்கிறது? பிரபுவுக்கு வேண்டும்.

சேகர் அத்தான்: தேடுகிறேன் மாமா.

மாலா அக்கா: பொங்கலுக்கு வாங்கி வந்தது. எந்தப் பொங்கல் என்று கேட்காதீர்கள்.

முருகேசன் சித்தப்பா: கிடைத்ததும், ஆம்ப்ளிஃபயரில் சொருகும் முன் ஸ்பீக்கர் வயரின் இரு முனையிலும் வைத்துப் பார் பிரபு. மூன்றரைக்குப் பக்கத்தில் காட்டினால் சரி. காயிலின் நேர்மின் தடை எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், பயப்படாதே. 1-க்குக் கீழே காட்டினால் பழைய இணைப்பு இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம்.

முருகேசன் சித்தப்பா: ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் புரண்டால் ஒரு ஸ்பீக்கர் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். தவில் சத்தம் காணாமல் போகும். கடிகார பேட்டரியை, அந்த ஒன்றரை வோல்ட்டை, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு நொடி தொட்டுப் பார். இரண்டு கூம்பும் வெளிப்பக்கம் எழும்ப வேண்டும்.

பிரபு: சரி சித்தப்பா.

முருகேசன் சித்தப்பா: பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் பியூஸ் எங்கே?

பிரபு: ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில், டிக்கியில்.

முருகேசன் சித்தப்பா: கூடாது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒன்று இருந்தே ஆக வேண்டும். வழியில் எங்காவது அந்த வயர் தகரத்தில் உரசினால் வண்டியே பற்றிக்கொள்ளும். பச்சைக்குழந்தையை ஏற்றிப்போகிற வண்டி. இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதே.

மாலா அக்கா: கடைசியாகச் சொன்னதை முதலில் செய் பிரபு.

சேகர் அத்தான்: மீட்டர் கிடைத்தது. உள்ளே பேட்டரி இல்லை. காலையில் வாங்கிக்கொண்டு வருகிறேன்.

வாத்தியார் மாமா: ஊர்வலம் 6 மணிக்கா 5 மணிக்கா?

மாலா அக்கா: 5-க்குக் கிளம்பலாம், 6-க்குப் பாட்டுப் போடலாம் மாமா.

வாத்தியார் மாமா: கோயில் 15 நிமிட நடைதானே அம்மா.

பெரிய அத்தை: இரண்டு பெட்டியும் இருக்கட்டும், அண்டா பின் சீட்டில்.

மாலா அக்கா: பின் சீட்டில் நீங்கள் உட்காருகிறீர்கள் அத்தை.

அப்பா: முருகேசா, பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது கறுப்பு வயர்தானே? இவன் பானட்டைத் திறந்துவிட்டான்.

முருகேசன் சித்தப்பா: கறுப்புதான் அண்ணா. திரும்ப மாட்டும்போது அது கடைசி. ஸ்பேனர் சிவப்பையும் பாடியையும் சேர்த்துத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன்.