பொருள்: புகார்ப் படிவத்தில் 'தவறான நடத்தை' வேண்டாம்

அன்புடையீர், வணக்கம்.

ரேஷன் கடை, பேருந்து, மின்வாரிய அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம் என எல்லா இடத்துக்கும் பொருந்தும்படி வடசென்னைக்கு ஒரு பொதுப் புகார்ப் படிவம் தயாராகிறது. அதில் 'மிஸ்பிஹேவியர்' கட்டத்துக்கு 'தவறான நடத்தை' என்று வரைவில் போட்டிருக்கிறது. இதை எடுத்துவிட வேண்டும்.

"தவறாக நடந்துகொண்டார்" என்று படித்தவுடன் தமிழ் வாசகர் மனம் பாலியல் சீண்டலுக்குத்தான் போகிறது. நாளிதழ்கள் அந்தத் தொடரை அதற்கென்றே ஒதுக்கிவிட்டன. பேச்சில் "மிஸ்பிஹேவ் பண்ணிட்டான்" என்றாலும் அதே பொருள். மீதிச் சில்லறை கேட்ட பயணியிடம் எரிந்து விழுந்த நடத்துநர் மீது இந்தக் கட்டத்தில் குறியிட்டால், செய்யாத குற்றம் அவர் தலையில் விழுகிறது. மறுபக்கமும் கேடுதான்: உண்மையிலேயே கை வைத்தவன் மீதான புகார், ஏதோ கடுமையாகப் பேசிவிட்டான் என்ற அளவில் நீர்த்துப்போகிறது.

மாற்றாக வந்தவற்றைப் பார்ப்போம். 'நடத்தைக்கேடு', 'ஒழுக்கக்கேடு' இரண்டும் அதே குழியில் விழுகின்றன. "நடத்தையில் சந்தேகம்" எதைக் குறிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 'தகாத' என்று தொடங்கினால் 'தகாத உறவு' வந்து நிற்கிறது. குறளில் ஒழுக்கத்துக்கு எதிர்ச்சொல் இழுக்கம்: "ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி." அருமையான சொல், ஆனால் இன்று 'இழுக்கு' என்றால் பெயருக்கு நேர்ந்த களங்கம் மட்டுமே. 'முறைகேடு' என்றால் கணக்கில் பணம் போயிருக்க வேண்டும். 'ஒழுங்கீனம்' வேலைத்தலத்துக்கு உரியது. ஆலை வேலை விதிகளுக்காக 1946-இல் வந்த நிலையாணைச் சட்டம் 2025 வரை காட்டிய வழியில் எண்ணூர், மணலி ஆலைகளில் மெமோ கொடுத்து விசாரணை வைத்தது அதன் பேரில்தான். அங்கே அடிக்கடி தாமதமாக வருவதும் அமளி செய்வதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. பொதுமக்கள் படிவத்தில் அந்தக் கலப்பு உதவாது.

'அநாகரிகம்' அறவே கூடாது. செயலை விட்டுவிட்டு ஆளின் ஊரையும் வளர்ப்பையும் எடைபோடும் சொல் அது. "இன்னா நைனா, குந்து" என்று பேசுகிற காசிமேட்டையும் வியாசர்பாடியையும் வெளியார் பழித்தது இந்தச் சொல்லால்தான். அதையே அச்சடித்து அந்த மக்கள் கையில் கொடுப்பது அநியாயம். 'பண்பின்மை'யும் ஆளைத்தான் குறிவைக்கிறது.

என் பரிந்துரை: மரியாதைக்கேடு. "மருவாதியா பேசு" என்பது இங்கே யாருக்கும் விளக்க வேண்டாத எச்சரிக்கை. சீர்கேடு, சுகாதாரக்கேடு என்று அமைப்பும் பழகியதே.

— ராயபுரத்திலிருந்து

*

> என் பரிந்துரை: மரியாதைக்கேடு.

ஐயா, ஏற்கிறேன். வடசொல் என்ற எதிர்ப்பு வரும். மர்யாதா என்றால் எல்லை, கரை. 'அத்துமீறல்' என்பதன் அத்தும் எல்லைதான், ஹத் என்ற அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. இரண்டுமே மக்கள் வாயில் ஊறியவை, இருக்கட்டும்.

ஆனால் ஒரே கட்டம் போதாது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது 'மரியாதைக்கேடு' என்ற கட்டத்துக்குள் போய்விட்டால் பெரிய தீங்கு. பொதுவெளியில் பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைச் சாதி சொல்லி ஏசுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். மேலாளர் கூப்பிட்டுக் கண்டித்து முடிக்கிற விஷயம் இல்லை. அதற்குத் தனியாகச் 'சாதிவசை' வேண்டும். உடல்மீது கை வைப்பதற்கும் பாலியல் பேச்சுக்கும் 'பாலியல் அத்துமீறல்'. பெண் ஊழியர் தரும் புகார் என்றால் இதில் காலமும் முக்கியம்: பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் புகார் போக வேண்டும். தவறான கட்டத்தில் விழுந்த தாள் மேற்பார்வையாளர் மேசையிலேயே அந்த மூன்று மாதத்தைக் கழித்துவிடும். பெயர் மெலிந்தால் குற்றமும் மெலியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1998-இல் 'ஈவ் டீசிங்' என்ற பெயரில் வந்த தடைச் சட்டம், 2002 திருத்தத்தில் 'ஹராஸ்மென்ட்' என்று பெயர் மாற்றப்பட்டது.

இன்னொன்று, ஒருமை. "ஒருமையில் பேசினார்" என்று புகார் வரும். மீன் ஏலத்தில் வா, போ சொல்வது நெருக்கம். அதே வா, போ கவுன்டருக்கு உள்ளேயிருந்து கிழவியை நோக்கி வந்தால் அவமதிப்பு. கேட்டவர் அதே ஒருமையில் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையை முடித்துக்கொண்டு போக முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் அது மரியாதைக்கேடு. இதை 'ஒருதலை ஒருமை' என்று அழைக்கலாம்.

— கொருக்குப்பேட்டையிலிருந்து

*

அம்மா, 'ஒருதலை ஒருமை' அப்படியே படிவத்துக்குப் போகட்டும். நான் தேடியது இந்தச் சொல்லைத்தான்.

ஒன்று சேர்க்கிறேன். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று மட்டும் எழுதும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்", அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல் என்று தொல்காப்பியம் அவைக்குச் சொன்னது. புகாரில் மறைத்தால் வழக்கு கெடும். எந்தச் சொல் என்று தெரியாமல் அது ஏச்சா, சாதிவசையா, பாரதிய நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் வரும் ஆபாசமா என்று யாரும் பிரிக்க முடியாது. எழுதக் கூச்சப்படுபவருக்கு உறவினர் எழுதித் தரலாம், சொல் மட்டும் மாறக்கூடாது.

திருத்திய வரைவு:

என்ன நடந்தது? (பொருந்துவதில் குறியிடவும்)
மரியாதைக்கேடு: ஏச்சு, ஒருதலை ஒருமை, காக்கவைத்து விரட்டுதல்
ஆபாசப் பேச்சு
சாதிவசை
பாலியல் அத்துமீறல்
சொன்ன சொல், சொன்னபடியே: (மூன்று வரி இடம்)
அருகில் இருந்து கேட்டவர்:

'காக்கவைத்து விரட்டுதல்' நீளம். சுருக்கமான சொல் இருந்தால் எழுதுங்கள்.

— ராயபுரத்திலிருந்து