கமலா ஹாரிஸ் 1,800 கோடி டாலர் வாங்கிக் கொடுத்தாரா?

சாக்ரமெண்டோ சீனு: "கமலா ஹாரிஸ் கலிஃபோர்னியா அட்டர்னி ஜெனரலாக (மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக) இருந்த ஆறு வருஷமும் கையெழுத்துப் போட்டதைத் தவிர ஒன்றும் கிழிக்கவில்லை" என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். ஐயா, அடமானப் பத்திரங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வீடுகளைப் பறித்தது வங்கிக்காரர்கள். அதற்கு நஷ்டஈடாக அவர்கள் 2011ல் நீட்டிய தொகை போதாது என்று பேச்சுவார்த்தையை விட்டு எழுந்து வந்தவர் கமலா. 2012ல் கலிஃபோர்னியாவுக்கு மட்டும் 1,800 கோடி டாலர் வாங்கிக் கொடுத்தார். தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம்.

வம்பன் வரதன்: அந்த மேதாவி நான்தான். 1,800 கோடியும் பணமாகவா வந்தது? வங்கிகள் தள்ளுபடி செய்த கடன், வராது என்று எப்போதோ கைகழுவிய கடன், எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. வீட்டையே பறிகொடுத்தவர் கைக்கு வந்த செக் சுமார் 1,480 டாலர். அதில் அந்த ஊரில் ஒரு மாத வாடகை கொடுக்க முடியுமா?

மல்லிகா: சண்டைக்கு முன்னால் அந்தப் பதவி என்ன என்று பார்த்துவிடலாமே. நம் அட்வகேட் ஜெனரலை ஆளுநர் நியமிக்கிறார். அங்கே 43 மாநிலங்களில் மக்களே ஓட்டுப் போட்டு அட்டர்னி ஜெனரலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால்

வம்பன் வரதன்: அதெல்லாம் இருக்கட்டும் மேடம். பணமாகவா வந்தது?

சாக்ரமெண்டோ சீனு: கடன் குறைந்தால் வீடு தங்கும், அது பணமில்லையா? அரசுக்கு ரொக்கமாக வந்த 41 கோடியை பட்ஜெட் ஓட்டையை அடைக்க எடுத்துக்கொண்டவர் கவர்னர் ஜெர்ரி பிரவுன். கமலா அதை எதிர்த்தார்.

வம்பன் வரதன்: ஆக 1,800 கோடி, 41 கோடி ஆகிவிட்டது. இன்னும் இரண்டு பதிவு போனால் எவ்வளவு மிஞ்சும்?

மன்னை மைந்தன்: எங்கள் துளசேந்திரபுரத்துப் பேத்தி என்றதும் சிலருக்கு வயிறு எரிகிறது.

வம்பன் வரதன்: தாத்தா ஊரில் பேனர் கட்டியவர்கள் எல்லாம் வழக்கு விவரம் பேச வந்தாச்சு. சரி, நீங்களே சொல்லுங்கள். 2004ல் சான் பிரான்சிஸ்கோ அரசு வழக்கறிஞராக இருந்தபோது போலீஸ்காரரைக் கொன்றவனுக்கு மரண தண்டனை கேட்க மாட்டேன் என்றவர், 2014ல் கலிஃபோர்னியாவின் மரண தண்டனையே செல்லாது என்று ஒரு நீதிபதி சொன்னதும் ஏன் அப்பீலுக்கு ஓடினார்?

சாக்ரமெண்டோ சீனு: மாநிலச் சட்டத்துக்காக வாதாடுவது அந்தப் பதவியின் கடமை.

வம்பன் வரதன்: அப்படியா? ஒருபால் திருமணத்தைத் தடுத்த சட்டத்திருத்தத்துக்காக மட்டும் வாதாட மாட்டேன் என்றாரே, அன்றைக்குக் கடமைக்கு லீவா? அப்புறம் ஒன்வெஸ்ட் வங்கி. வீடுகளைப் பறித்ததில் ஆயிரத்துக்கும் மேல் விதிமீறல் இருக்கிறது, வழக்குப் போடலாம் என்று 2013ல் அவருடைய அலுவலக வக்கீல்களே எழுதிக் கொடுத்தும் போடவில்லை. அந்த வங்கியை நடத்திய முனூச்சின்தான் பிறகு டிரம்பின் முதல் ஆட்சியில் நிதியமைச்சர்.

சாக்ரமெண்டோ சீனு: மத்திய அரசின் உரிமம் பெற்ற வங்கிகள் மேல் மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் என்ன என்று படித்துவிட்டு வாருங்கள். போன வருஷம் விசா பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினீர்கள், நான் ஆதாரம் கொடுத்ததும் ஆளைக் காணோம்.

வம்பன் வரதன்: விசா இழையில் என்னை பிளாக் செய்தது யார்? இங்கே பணத்துக்குப் பதிலைக் காணோம், விசாவுக்குப் போயாச்சு.

மன்னை மைந்தன்: பேனர் கட்டியது நான்தான் என்று யார் உங்களிடம் சொன்னது? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.