பாதிப் படம் எடுத்தாகிவிட்டது, கையில் பணம் இல்லை: இப்போதே வெளியே சொல்லலாமா?

தேரிமணல்:

வணக்கம். உடன்குடிப் பக்கம் ஒரு பனையேறிக் குடும்பத்தை வைத்து முழுநீளப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேரைத் தவிர நடிப்பவர்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள். மொத்தம் 32 லட்சம் என்று கணக்குப் போட்டோம். என் சேமிப்பு, தாய்மாமா கொடுத்தது, நண்பர்கள் போட்டது எல்லாம் சேர்ந்த 18 லட்சத்தில் முதல் ஷெட்யூல் முடிந்தது. பதநீர் காலமும் முடிந்துவிட்டது. மரம் ஏறும் காட்சிகளில் பாதியும், விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசை) காய்ச்சுவது மொத்தமும் அடுத்த பங்குனியில்தான் எடுக்க முடியும். அதற்கும், அப்புறம் டப்பிங், டிஐ (நிறத் திருத்தம்), ஆர்.ஆர். (பின்னணி இசை) எல்லாவற்றுக்கும் சேர்த்து 14 லட்சம் வேண்டும்.

யூனிட்டுக்குள் இரண்டு கருத்து. இணை இயக்குநர், இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி மேக்கிங் வீடியோ போட்டு மக்களிடமே பணம் கேட்கலாம் என்கிறார். ஒளிப்பதிவாளருக்கு அதில் விருப்பம் இல்லை. முடிக்காத படத்தை வெளியே காட்டினால் திரைப்பட விழாக்கள் எடுக்காது, கதையும் போய்விடும் என்கிறார். இதற்கு நடுவில் ஒரு பிஆர்ஓ (பட விளம்பரம் பார்ப்பவர்), ஒன்றரை லட்சம் கொடுத்தால் பெரிய நடிகர் ஒருவரை ஃபர்ஸ்ட் லுக் வெளியிட வைப்பதாகச் சொல்கிறார். அதைப் பார்த்துத் தயாரிப்பாளர்கள் தேடி வருவார்களாம்.

சின்னப் படம் எடுத்து முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அடுத்த பங்குனி வரைக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?


பேட்டாக்கணக்கு:

தம்பி, முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நான் பல வருடமாகச் சின்னப் படங்களுக்குத் தயாரிப்பு நிர்வாகியாக இருக்கிறேன். பெரிய நடிகர் போஸ்டரை வெளியிட்டால் அன்றைக்கு ஆயிரக்கணக்கில் லைக் விழும். அது அவருடைய ரசிகர்கள் அவருக்குப் போடுவது. மறுநாள் உங்கள் படத்தின் பெயரை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், தெரியாது. வாங்குவதற்கு டிக்கெட்டே இல்லாத நேரத்தில் சத்தம் போட்டு என்ன பிரயோஜனம்? அந்தத் தொகையில் உங்கள் இரண்டாவது ஷெட்யூலின் சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதி முடிந்துவிடும். ரிலீஸ் வாரத்தில் திருச்செந்தூரிலும் திசையன்விளையிலும் நாகர்கோவிலிலும் சுவரொட்டி ஒட்டக் காசு இல்லாமல் நிற்கிற படங்களைப் பார்த்திருக்கிறேன். விளம்பரத்துக்கென்று பணம் இருந்தால் அதற்கு வையுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பணம் தேடுவதும் படத்துக்கு ஆள் சேர்ப்பதும் ஒரே வேலை. அந்த வேலை சில நூறு பேரிடம், பெயர் தெரிந்து, பேசிச் செய்கிற வேலை. எல்லாரும் 'பப்ளிக்' என்று ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்துகொண்டு அதை நோக்கிக் கத்துகிறார்கள்.

கன்னடத்தில் பவன் குமார் 'லூசியா' எடுத்த கதையை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். தயாரிப்பாளர் கிடைக்காத கோபத்தில் 2011-ல் தன் வலைப்பூவில் எழுதினார், ஒரு மாதத்துக்குள் 110 பேரிடமிருந்து சுமார் 50 லட்சம் வந்தது, 2013-ல் படமும் வந்தது. உண்மைதான். ஆனால் அவர் அதற்கு முன்பே ஒரு படம் இயக்கியவர், வேறு படங்களுக்கு எழுதியவர். அந்த வலைப்பூவுக்கு ஏற்கெனவே வாசகர்கள் இருந்தார்கள். வேண்டுகோள் எழுதிய பிறகு ஆள் சேரவில்லை, சேர்ந்திருந்த ஆளிடம்தான் வேண்டுகோள் போனது. இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.

அதற்கும் முன்னால் பாருங்கள். ஷியாம் பெனகலின் 'மந்தன்' 1976-ல் வந்தது. குஜராத்தின் பால் கூட்டுறவு உறுப்பினர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து எடுத்த படம். படம் வந்தபோது அதே விவசாயிகள் லாரி பிடித்து வந்து பார்த்தார்கள். பணம் போட்டவர்தான் பார்வையாளர், கதையும் அவருடையதுதான். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் ஊர் ஊராகப் போய் மேளம் கொட்டி, சாப்ளின் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் வசூல் செய்து 'அம்ம அறியான்' எடுத்தார்கள். 1986-ல் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு அதே ஜனங்களிடம்தான் திரும்பிப் போனார்கள். பெனகலுக்குப் பின்னால் பெரிய கூட்டுறவு அமைப்பு இருந்தது, உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் கதையில் பனை இருக்கிறது. அது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்குத் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒரு நோட்டு எடுத்து, இந்தப் படம் நின்றுபோனால் யாருக்கெல்லாம் மனசு வலிக்கும் என்று எழுதுங்கள். உடன்குடியிலும் திசையன்விளையிலும் இருந்து சென்னைக்கும் மும்பைக்கும் போய்க் கடை வைத்தவர்கள். குளக்கரைகளில் பனை விதை நடுகிற குழுக்கள். கோவை, சென்னை இயற்கை அங்காடிக்காரர்கள். கருப்பட்டி மண்டி வைத்திருப்பவர்கள். தாத்தா பனையேறியாக இருந்து பேரன் இன்ஜினியராகிவிட்ட குடும்பங்கள். இருநூறு பெயர் வந்துவிடும். இவர்களிடம் முதலில் போனில் பேசுங்கள். பணம் கேட்க வேண்டாம். படத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். விருப்பம் இருப்பவர்களை ஒரு வாட்ஸ்அப் பட்டியலில் சேருங்கள். இன்ஸ்டாகிராம் பக்கமும் இருக்கட்டும், ஆனால் அங்கே யாருக்கு எது போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. பட்டியல் நம் கையில் இருக்கும்.

அவர்களுக்கு என்ன அனுப்புவது? "ஆதரவு தாருங்கள்" என்று ஒரு வரிகூட வேண்டாம். வேலையைக் காட்டுங்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிற கையை ஒரு நிமிடம். விடியற்காலையில் மரத்து உச்சியில் பாளை சீவுகிற சத்தத்தை ஒலிப்பதிவாளர் எப்படிப் பிடித்தார் என்று அவர் குரலிலேயே. ஒரு காட்சியின் எழுதிய பக்கமும், எடுத்த ஷாட்டின் படமும் பக்கத்துப் பக்கத்தில். பார்க்கிறவருக்கு அந்த ஒரு நிமிடமே ஏதாவது கொடுக்க வேண்டும். வாரம் ஒன்று போதும். நிறுத்தாமல் வர வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள். நீங்கள் செய்யாதீர்கள், நீங்கள் டைரக்டர். ஸ்டில்ஸ் எடுக்க முதல் ஷெட்யூலில் ஆள் இருந்தாரா? ஃபிலிம் ஃபிரேமிலிருந்து வெட்டி எடுத்தால் போஸ்டருக்கு நன்றாக வராது. விழாக்களும் பத்திரிகைகளும் முதலில் கேட்பது நல்ல ஸ்டில்.

இன்னொன்று, இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். அந்தக் குடும்பத்தின் வறுமையைக் காட்டிப் பணம் கேட்டுவிடாதீர்கள். விடிலியில் புகையில் நிற்கிற அம்மாவின் முகத்தை, சோக இசை போட்டு, கீழே க்யூஆர் கோடு ஒட்டி... வேண்டவே வேண்டாம். அவர்கள் உங்கள் நடிகர்கள். மேக்கிங் வீடியோ எடுக்கும் நாளுக்கும் பேட்டா கொடுங்கள், வெளியிடும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

பணம் கேட்கும் நாள் வரும்போது 14 லட்சம் என்று கேட்காதீர்கள். அந்தத் தொகை யாருடைய மனதிலும் நிற்காது. ஊர் நடிகர்கள் சம்பளம் இவ்வளவு, சிங்க் சவுண்டு (படப்பிடிப்பிலேயே ஒலிப்பதிவு) இவ்வளவு, ஆர்.ஆர். இவ்வளவு என்று பிரியுங்கள். முதலில் இரண்டாவது ஷெட்யூலுக்கு மட்டும் கேளுங்கள். போஸ்ட் புரொடக்‌ஷன் பணத்தை ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) கையில் வந்த பிறகு கேட்பதுதான் எளிது. பொதுவில் அறிவிப்பதற்கு முன்பே அந்த நோட்டில் உள்ளவர்களிடம் மூன்றில் ஒரு பங்காவது உறுதி வாங்கிவிடுங்கள். வசூல் பூஜ்யம் என்று காட்டுகிற பக்கத்தில் முதல் ஆளாகப் பணம் போட யாருக்கும் கை வராது.

பதிலுக்கு டி ஷர்ட், கப் எல்லாம் கொடுக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். கூரியரிலேயே பாதி போய்விடும். அந்த விடிலியில் காய்ச்சிய கருப்பட்டியையே கொடுங்கள். சர்க்கரை கலந்த கருப்பட்டி சந்தையை நிறைத்துவிட்ட காலம் இது. 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்த பிறகும் நிஜச் சரக்குக்கு ஆள் அலைகிறார்கள். பனையேறிக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி, எந்த விடிலி, எந்த ஊர் என்று பெட்டியில் எழுதி அனுப்புங்கள். ஈரம் படாமல் வைத்தால் கருப்பட்டி லேசில் கெடாது, பழையதற்குத்தான் மவுசு.


வரவுசெலவு:

நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்ன எல்லாம் சரி, ஆனால் பணம் எந்தப் பெயரில் வருகிறது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து அன்பளிப்பாக ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால், மேலே உள்ள தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு. நண்பர்கள் போட்டது கடன் என்றால் கடன் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனாக ரொக்கத்தில் வாங்கக் கூடாது.

"லாபத்தில் பங்கு தருவேன்", "வட்டியோடு திருப்பித் தருவேன்" என்று பொதுவில் எழுதவே எழுதாதீர்கள். நம் நாட்டில் பொதுமக்களிடம் இணையத்தில் பங்கு விற்றுப் பணம் திரட்ட, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி வழி திறக்கவில்லை. கம்பெனி தொடங்கினாலும் தனிப்பட்ட முறையில் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு தர முன்வரக் கூடாது, அதற்கு விளம்பரமும் செய்யக் கூடாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடுக்கும் 2019 சட்டம் கடுமையானது. கருப்பட்டிப் பெட்டி, போஸ்டர் என்று விற்பனையாகவே நடத்தி, பில் போட்டு, தொழில் வருமானமாகக் காட்டுவது சுத்தமான வழி. படத்துக்கென்று தனிக் கரன்ட் அக்கவுன்ட் திறங்கள்.


பனங்கூடல்:

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது டொரன்டோவில். பணம் கொடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன் தம்பி. இரண்டு படங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். முதலாவது ஆட்கள் காசு கிடைத்த பிறகு ஒரு வரி எழுதவில்லை, படம் என்ன ஆனதென்று இன்றுவரை தெரியாது. மற்றவர் மாதம் ஒரு கடிதம் எழுதினார். மழை வந்து படப்பிடிப்பு நின்றது, நடிகருக்குச் சுகமில்லை, இவ்வளவு செலவாகிவிட்டது என்று எல்லாம் வரும். படம் இரண்டு வருடம் பிந்தியது. எனக்குக் கோபமே வரவில்லை, இரண்டாம் முறையும் கொடுத்தேன். நன்றிப் பட்டியலில் பெயர் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கடிதம் வேணும்.

எங்கள் அப்பு சீவல் தொழில் செய்தவர். அந்தப் பாளை சீவுகிற சத்தம் எனக்கு அனுப்புங்கோ. பனங்கட்டிப் பெட்டி (நீங்கள் சொல்கிற கருப்பட்டிதான்) இங்கே அனுப்ப முடியுமா? நான் கனேடியக் குடியுரிமை எடுத்துவிட்டேன், காசு அனுப்பினால் உங்களுக்கு ஏதும் சிக்கலா?


வரவுசெலவு:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அம்மா. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற வெளிநாட்டுத் தமிழர் வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர் கொடுக்கும் நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தொழில் முறையில் பொருளை விற்று, பில் போட்டு வாங்கும் விலை அந்தக் கணக்கில் வராது. நீங்கள் பெட்டியாக வாங்குவதுதான் நல்லது. உறவினர் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்புவது மட்டும் வேண்டாம். தம்பி, ஏற்றுமதி என்றால் அதற்கென்று பதிவுகள் உண்டு, முதல் பெட்டி கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.


தேரிமணல்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. அக்கா, சத்தத்தை இந்த வாரமே அனுப்புகிறேன். பிஆர்ஓவிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்டில்ஸ் இருக்கிறது அண்ணே, ஊர்ப் பையன் ஒருவன் எடுத்தான், நன்றாகவே இருக்கிறது. அவனையே பொறுப்பாக்குகிறேன்.

இரண்டு சந்தேகம். ஒளிப்பதிவாளரின் விழாக் கவலைக்கு என்ன பதில்? அவர் 2021-ல் 'கூழாங்கல்' என்கிற தமிழ்ப் படம் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியதைச் சொல்லிச் சொல்லியே பேசுகிறார். அப்புறம், கருப்பட்டி மொத்த வியாபாரி ஒருவர் தன் கடையைப் படத்தில் காட்டினால் 3 லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?


பேட்டாக்கணக்கு:

ஒளிப்பதிவாளர் பாதி சரி. பெரிய விழாக்கள் பார்ப்பது, முழுப்படம் இதற்கு முன் பொதுவில் திரையிடப்பட்டதா, இணையத்தில் வந்ததா என்பதை. ஸ்டில், டீசர், மேக்கிங் இவற்றுக்காக யாரும் ஒதுக்குவதில்லை. ஆகவே எடிட் செய்த முழுக் காட்சிகளையும் கிளைமாக்ஸையும் வெளியே விடாதீர்கள். பணம் கொடுத்தவர்களுக்கு முதலில் காட்டுகிறேன் என்று எந்தத் தேதியும் வாக்குக் கொடுக்காதீர்கள். "விழா முதல் திரையிடலுக்குப் பிறகு" என்று எழுதுங்கள். ஊரில் திரை கட்டிப் போடுவதற்கும் சென்சார் சான்றிதழ் வேண்டும், அந்தச் செலவையும் 14 லட்சத்துக்குள் சேருங்கள். ரஃப் கட் வந்ததும், நவம்பரில் கோவாவில் என்.எஃப்.டி.சி. (தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம்) நடத்துகிற ஃபிலிம் பஜாருக்கு (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார் என்று பெயர்) விண்ணப்பம் போடுங்கள். முடியாத படங்களைப் பார்ப்பதற்கென்றே விழாக்காரர்களும் விற்பனையாளர்களும் வருகிற இடம் அது.

வியாபாரி விஷயம். கதையில் கருப்பட்டி விற்கப் போகிற காட்சி எப்படியும் இருக்குமே, அது அவர் கடையாக இருக்கட்டும். பெயர்ப் பலகை தெரியட்டும். வசனத்தில் பெயர் வரக் கூடாது, கடைக்காரர் நல்லவராகத்தான் தெரிய வேண்டும் என்கிற பேச்சும் கூடாது. இந்த மூன்றையும் முத்திரைத்தாளில் எழுதுங்கள். எடைக்கும் விலைக்கும் பனையேறி கடையில் நின்று வாதாடுகிற காட்சி உங்கள் கதையில் இருக்கிறதா? இருந்தால் பணம் வாங்கும் முன் அந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் தருகிறேன் என்றால் வாங்குங்கள். முகம் மாறினால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள், வேறு கடை கிடைக்கும்.

ஒலிப்பதிவாளரின் பங்குனித் தேதிகளை இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். அட்வான்ஸ் 5,000 ஆனாலும் கொடுத்துவிடுங்கள்.